உடலோடு செய்த உடன்படிக்கை

காயமுற்ற வீரன் மீண்டும் களமிறங்குகையில் கூட்டம் ஆரவாரஞ் செய்கின்றது. அவன் களத்தில் இல்லாதிருந்த நாட்களை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வலி தணிந்ததோ இல்லையோ என்று ஒவ்வொரு காலையும் பாதத்தை நிலத்தில் ஊன்றிப் பார்க்கும் அந்நாட்களைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகின்றது.

புத்தளம் மாவட்டத்திலே கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்த தலவில, இப்பொருளைச் சிந்திப்பதற்கு ஏற்ற இடமாகும். அங்குள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தின் மார்ச், ஆகஸ்ட் மாதத் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் பெருந்திரளாய் வருகின்றனர். நேர்த்தி வைத்து வருவோருள் உடற்பிணி தீர வேண்டி வருவோர் பலர். அருகே கடல், கடலோரம் மணல். இலங்கையின் கரையோரச் சிற்றூர்கள் எங்கும் போலவே, மாலையில் பந்தும் மட்டையுமாகச் சிறுவர் கூடும் மணல் அது.

அத்தகைய மணலில் உருவானவரே வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்க. அவருடைய ஊர் தலவில அன்று. தென்கரையில் காலிக்கு அண்மையிலுள்ள ரத்கம. 1983 இல் பிறந்த அவர், தோற்பந்தைத் தொடுமுன் ரெனிஸ் பந்தை வீசிப் பழகினார். அதனால் கையைத் தலைக்கு மேலே உயர்த்தாது, தோளின் மட்டத்திலேயே சுழற்றி எறியும் பாணி அவருக்கு வாய்த்தது. அவரை இனங்கண்ட பயிற்றுநர் சம்பக்க ராமநாயக்க அப்பாணியை அழித்துவிடாது வளர விட்டார். 2004 ஜூலையில் டார்வின் நகரில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய முதலாவது டெஸ்ட் போட்டியிலேயே மாலிங்க ஆறு விக்கெற்றுகளை வீழ்த்தினார்.

ஆயினும் வேகம் இலவசமாய்க் கிடைப்பதன்று. வேகப்பந்து வீச்சாளன் பந்தை விடுவிக்கும் கணத்தில் அவனது முன்பாதம் தாங்கும் விசை உடல் நிறையின் பன்மடங்காகும். கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் அதனைப் பங்கிட்டுக் கொள்கின்றன. டெஸ்ட் போட்டியில் ஒரே நாளில் இருபது ஓவர்கள், அதாவது நூற்றிருபது பந்துகள், வீச நேரலாம். எலும்பு உடனே முறிவதில்லை. உள்ளே சிறிது சிறிதாகக் கன்றுகின்றது. வெளியே வீக்கமும் புண்ணும் தெரியாத அந்த நோவைப் பார்ப்போர் நம்புவதுமில்லை.

2008 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாலிங்கவின் வலது முழங்கால் அவரைக் கைவிட்டது. ஓராண்டுக்கும் மேலாக அவர் சர்வதேசப் போட்டிகளில் ஆடவில்லை. 2009 இல் மீண்ட அவர், 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெற்றுகளைக் கொய்து ஆட்ட நாயகனானார். முரளிதரன் தமது எண்ணூறாவது விக்கெற்றைப் பெற்று விடைபெற்ற போட்டி அது. முரளியின் சுமையைத் தாங்க ஒரு தோள் கிடைத்தது என்று நாடு மகிழ்ந்தது. ஆனால் அடுத்த மாதமே மாலிங்க தமது இறுதி டெஸ்ட் போட்டியையும் ஆடி முடித்திருந்தார். 2011 ஏப்ரலில், முழங்காலின் நாட்பட்ட தேய்வைக் காரணங் காட்டி டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பது போட்டிகள், நூற்றொரு விக்கெற்றுகள், வயதோ இருபத்தேழு.

அவ்வேளையில் அவர் இந்தியன் பிறீமியர் லீக்கில் மும்பை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். நாட்டுக்கு ஆட இயலாத முழங்கால் பணத்துக்கு மட்டும் எவ்வாறு ஆடுகின்றது என்று பலர் வினவினர். வினா கடுமையானது, முற்றிலும் நியாயமற்றதன்று. எனினும் அதற்கு எண்கணிதத்தில் ஒரு விடை உண்டு. இருபது ஓவர்ப் போட்டியில் ஒருவர் வீசக்கூடிய பந்துகள் இருபத்து நான்கே. ஒருநாட் போட்டியில் அறுபது. உடல் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்பதை உடலுக்குரியவனே அறிவான். மாலிங்க ஒன்றை இழந்து மற்றையதைக் காத்தார். 2014 ஏப்ரலில் டாக்காவில் இந்தியாவை வென்று இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைப் பெற்ற இலங்கை அணியின் தலைவர் அவரே. அதே ஆண்டு கணுக்காலில் சத்திரசிகிச்சை. 2016 இல் மீண்டும் முழங்கால். 2019 செப்டெம்பர் 6 இல் பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெற்றுகளை வீழ்த்தியபோது அவருக்கு வயது முப்பத்தாறு. வேகம் குறைந்திருந்தது, குறியும் சூழ்ச்சியும் கூர்மையாகியிருந்தன.

உலகின் மறுபுறத்திலும் இதற்கு ஒப்புண்டு. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் அணியை நெறிப்படுத்திப் பந்தெறியும் குவாட்டர்பாக் நிலை வீரரான அலெக்ஸ் ஸ்மித், 2018 நவம்பர் 18 இல் கால் எலும்புகள் முறிந்து வீழ்ந்தார். காயத்திற் கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. பதினேழு சத்திரசிகிச்சைகளின் பின், 2020 ஒக்ரோபரில் அவர் மீண்டும் களமிறங்கினார். மறு ஆண்டே ஓய்வு பெற்றார். மீட்சி என்பது பழைய உடலைத் திரும்பப் பெறுவதன்று என்பதை இருவரும் உணர்த்துகின்றனர். எஞ்சியதைக் கணக்கிட்டு, அதனோடு உடன்படிக்கை செய்துகொள்வதே மீட்சி.

இவ்வுடன்படிக்கையைத் தலவிலக் கரையோரத்தாரும் அறிவர். கரைவலை இழுத்துத் தேய்ந்த முழங்காலோடு, கடலை விட்டு நிழலிலமர்ந்து வலை பொத்தும் முதியவரும் ஒன்றை இழந்து மற்றையதைக் காத்தவரே. வேறுபாடு ஒன்றுண்டு. வீரனின் ஓய்வு நாட்களுக்கு மருத்துவரும் பயிற்றுநரும் ஊதியமும் துணை நிற்கின்றன. கடற்றொழிலாளிக்கோ ஓய்வு நாள் என்பது உலை ஏறாத நாள். ஆகவே அவன் நோவோடு கடலுக்குப் போகின்றான். நோவு நோயாகிய பின்னரே கரையேறுகின்றான். திருத்தலத்தில் மெழுகுதிரி ஏற்றுவோர் வேண்டுவது அற்புதம் எனப்படுகின்றது. அவருட் பலருக்கு வேண்டியது, பசியின்றி ஆறியிருக்கச் சில மாதங்களே.

மாலிங்கவின் உறுதி போற்றத்தக்கது. அவ்வுறுதி பயன்படக் காலம் கிடைத்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. அக்காலத்தை உழைக்கும் உடல்கள் அனைத்திற்கும் வழங்கும் சமுதாயமே காயத்தின் பொருளை உணர்ந்த சமுதாயமாகும்.