பெட்டியின்ர பேர் என்ன?

விசுவமடுவைத் தாண்டி ஏ35 வீதியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. பின்னால் 12 மூட்டை நெல். அக்சிலேற்றரை மிதிக்க எஞ்சின் கத்தியது, வாகனம் முன்னே போகவில்லை. காலை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து மெல்ல மிதித்தால் நகரும். கொஞ்சம் ஏற்றம் வந்தால் திரும்பவும் கத்தல். அன்று புதுக்குடியிருப்புக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.

என்னுடையது 2005ஆம் ஆண்டின் ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், ஓட்டோ கியர். இரண்டு கிழமைக்கு முன்தான் வவுனியாவில் ஒரு கராச்சில் கியர் ஒயிலைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். எஞ்சினை நிறுத்தி, ஒயில் அளவு பார்க்கும் கோலை இழுத்துப் பார்த்து, அரைப் போத்தல் சிவப்பு ஒயில் விட்டார்கள். என்ன ஒயில் என்று கேட்டேன். சிவப்பு ஒயில் எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். நானும் நம்பினேன்.

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். பொனட்டைத் திறக்க முதல் அவர் கேட்ட கேள்வி இது.

“பெட்டியின்ர பேர் என்ன, தம்பி?”

“ஹைலக்ஸ், அண்ணை.”

“அது வாகனத்தின்ர பேர். நான் கியர்பெட்டியின்ர பேரைக் கேட்கிறன்.”

கியர்பெட்டிக்குத் தனிப்பெயர் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணை எஞ்சினுக்குப் பின்னால் இருந்த சின்ன அலுமினியத் தகட்டைத் துணியால் துடைத்தார். மாதிரி இலக்கம், சேசி இலக்கம், நிறம், அதற்குக் கீழே அச்சையும் கியர்பெட்டியையும் குறிக்கும் ஒரு வரி. அதன் கடைசியில் ஏ340எஃப் என்று பொறித்திருந்தது. 3 என்பது ஏ வரிசையில் எத்தனையாவது தலைமுறை என்பது. 4 என்பது முன்னோக்கிய கியர்களின் எண்ணிக்கை. எஃப் என்றால் நான்கு சில்லுக்கும் இழுவை உள்ளது. இதே பெட்டி பின்சில்லு இழுவை வாகனத்தில் ஏ340ஈ என்று வரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடிப் போகிறவர் அந்தக் கடைசி எழுத்தைத் தவறவிட்டால், 300 கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வந்து பொருத்தும்போதுதான் பிழை தெரியும்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பல இரவுகள் தேடினேன். பெட்டியைச் செய்தது ரொயோட்டாவின் தொழிற்சாலை அல்ல. ஜப்பானின் ஐச்சி மாகாணத்து நிறுவனம் ஒன்று. 1969இல் ஐசின் செய்கி என்ற ஜப்பானிய நிறுவனமும் போர்க் வோர்னர் என்ற அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து ஐசின் வோர்னரைத் தொடங்கின. அமெரிக்கர் விலகிய பின் 1988இல் அது ஐசின் ஏ.டபிள்யூ. ஆனது. நிசான் பிக்கப் வைத்திருப்பவரின் பெட்டிக்கு வேறு ஊர், வேறு குடும்பம். 1970இல் தொடங்கிய ஜட்கோ நிறுவனத்தின் பெட்டிகளே அவற்றில் பெரும்பாலும் இருக்கும்.

இன்னும் பின்னால் போனால் கதை வீதியை விட்டுக் கடலுக்குப் போகிறது. 1905இல் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர், ஸ்ரெற்றின் நகரத்துக் கப்பல் கட்டும் துறையில் வேலை செய்துகொண்டு ஒரு காப்புரிமை எடுத்தார். நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழலும், கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுழலவேண்டும். இரண்டையும் பல்லுச் சக்கரத்தால் பிணைக்காமல், நடுவே திரவத்தை வைத்து அவர் பிணைத்தார். ஒரு பக்கத்துத் தகடுகள் திரவத்தை வீசும், அந்த வீச்சு மறுபக்கத்துத் தகடுகளைச் சுழற்றும். என் பிக்கப்பில் கிளச் இருக்கவேண்டிய இடத்தில் உள்ள டோர்க் கொன்வேர்ட்டர் இந்த யோசனையின் பேரன்தான். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டர்ஸ் ஹைட்ராமற்றிக் பெட்டியை விற்கத் தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் அதே பெட்டி இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க இலகுரக டாங்கிகளுக்குள் போயிற்று.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடிபட்ட விடயம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டிக்குள் ஒயில் உராய்வைக் குறைக்க மட்டும் இருப்பதல்ல. எஞ்சினின் பலத்தைக் கடத்துவது ஒயில், கியரை மாற்றும் அழுத்தம் ஒயில், சூட்டை வெளியே கொண்டுபோவதும் ஒயில். உள்ளே இருக்கும் கிளச் தகடுகள் எந்த அளவு வழுக்கவேண்டும், எந்த இடத்தில் பிடிக்கவேண்டும் என்பதும் ஒயிலில் கலந்த சேர்மானத்தைப் பொறுத்தது. ஒரு காலத்தில் அந்தச் சேர்மானத்துக்குத் திமிங்கில எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்த பிறகு மாற்றுச் சேர்மானங்களுக்குப் போகவேண்டி வந்தது. ரொயோட்டாவின் பழைய பெட்டிகளுக்கு டெக்ஸ்ரன் 2, பிறகு வந்தவற்றுக்கு ரி-4, அதற்கும் பிறகு டபிள்யூ.எஸ். புதியது பழையதைவிட ஐதானது. ஒன்றின் இடத்தில் மற்றதை விடக்கூடாது. நிசானுக்கு மாட்டிக் வகை. எல்லாம் பார்க்கச் சிவப்புத்தான்.

இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “நாங்கள் மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்கள், தம்பி. ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். பற்றறி இல்லாட்டி நாலு பேர் தள்ளுவம். அந்தப் பழக்கத்தோட இந்தப் பெட்டியில கை வைச்சால் பெட்டி போயிடும்.”

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வன்னியை ஓடவைத்தது அந்தக் கைவேலை. கிடைத்ததை ஊற்றி, கிடைத்ததைக் கட்டி, இல்லாத பாகத்தை இரும்பில் கடைந்து எடுத்தார்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்மாரை நான் மதிக்கிறேன். அவர்கள் கையில் படித்த பிள்ளைகள்தான் இன்று ஏ9 வீதியோரம் கராச் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டோ பெட்டி அந்தக் கைவேலைக்கு இடம்கொடுக்காது. அதைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ண முடியாது. ஒயில் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது, எஞ்சின் நின்றால் பெட்டிக்குள் அழுத்தமே இல்லை. அதே காரணத்தால்தான் பழுதான வாகனத்தை நியூற்றலில் விட்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்பதும் ஆபத்து. ஒயில் ஓடாத பெட்டிக்குள் பாகங்கள் காய்ந்து தேய்கின்றன.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அண்ணை திறந்த ஒரு பெட்டியில் ஒயில், பால் கலந்த ஸ்ரோபெரிச் சர்பத்தின் நிறத்தில் இருந்ததாம். கிளச் தகடுகளின் உராய்வுப் பூச்சு கடதாசி போன்ற பொருள், பசையால் ஒட்டியது. தண்ணீர் போனால் அது உரிந்துவிடும். வெள்ளத்தில் இறங்காத வாகனத்திலும் இந்த நிறத்தைக் காணலாம். ஒயிலைக் குளிராக்கும் குழாய் ரேடியேற்றருக்குள்ளால் போகிறது, அங்கே வெடிப்பு விழுந்தால் தண்ணீர் பெட்டிக்கு வந்துவிடும்.

என் பிக்கப்பின் கோலை அண்ணை வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். கறுத்த பிளேன்ரீ நிறம், கருகிய மணம். கோலின் தகட்டிலேயே ரி-4 என்று ஒயிலின் பெயர் அடித்திருந்தது. வவுனியாவில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. அளவு பார்த்த முறையும் பிழை. எஞ்சின் நின்றிருக்கும்போது மேலே உள்ள ஒயில் கீழே பானுக்கு இறங்கிவிடும், கோலில் கூடுதலாகக் காட்டும். ரொயோட்டா சொல்லும் முறை இது: சமதரையில் நிறுத்தி, ஓடிச் சூடான வாகனத்தின் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்த் தடியை எல்லா நிலைக்கும் கொண்டுபோய்த் திரும்பவும் பார்க்கிங்கில் விட்டுத்தான் கோலை இழுக்கவேண்டும். அப்படிப் பார்த்தபோது ஒயில் சூட்டுக் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது. பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சியிருக்கிறது. விசுவமடுவில் எஞ்சின் கத்தியதன் காரணம் அதுதான்.

பானைக் கழற்றினோம். அடியில் இருந்த காந்தங்களில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. அண்ணை அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். மாவாக இருந்தால் பயமில்லை, நறநறவென்று இரும்புத்தூள் பட்டால் பெட்டியை இறக்கவேண்டும் என்றார். மாவாகத்தான் இருந்தது. பானை வடித்தால் சில லீற்றர்தான் வரும், மிச்சம் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். அதனால் வடித்து, விட்டு, ஓடி, திரும்ப வடித்து, மூன்று தடவை மாற்றினோம். மூன்றாவது தடவை துணியில் சிவப்பு விழுந்தது. இப்போது மூட்டைகளோடு புதுக்குடியிருப்புக்குப் போய் வருகிறேன். காலையில் முதல் கியர் விழச் சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தேய்மானம் இனி மாறாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் புது பிக்கப்பின் விலை எங்கள் தோட்டக்காரருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. இருக்கிற பழையவைதான் இன்னும் பல போகம் நெல் ஏற்றவேண்டும். ஓட்டோ பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பொனட்டைத் திறந்து அந்தத் தகட்டைத் துடையுங்கள். பெட்டியின் பெயரையும் கோலில் உள்ள ஒயிலின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதி வாகனப் புத்தகத்தோடு வையுங்கள். அந்தக் கடதாசியைக் காட்டாமல் எந்தக் கராச்சிலும் ஒரு சொட்டு ஒயிலும் விட விடாதீர்கள்.