அடைப்புக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் இரண்டு வாரமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தான். "கவிதை வேண்டாம்டா, கவிதை ஏற்கெனவே கட்டுக் கட்டா வந்திருக்கு. நீ கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்தானே, அந்தச் சர்வர் விஷயத்தை எழுதிக் கொடு" என்றான். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பேர் போடாமக்கூட எழுதலாம்" என்று சமாதானமும் சொன்னான். பேர் போட்டே எழுதுகிறேன். 2025 பிப்ரவரியில் எங்கள் லேபில் நடந்தது எங்கள் பசங்களுக்குத் தெரியும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு அது பத்து விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் சர்வரையே ஹேக் பண்ணிட்டானாமே" என்று கேன்டீனில் இன்னும் கேட்கிறார்கள். அவன் ஹேக்கும் பண்ணவில்லை, ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியது நான். அப்போது நான் இரண்டாம் ஆண்டு.

முதலில் மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காகக் கொஞ்சம் பாடம். என்.எஃப்.எஸ். என்றால் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம். ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இருக்கும் டைரக்டரியை, வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு தன் சொந்த டைரக்டரி மாதிரியே திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி 1984-ல் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஆனால் அவர்கள் செய்த ஏற்பாடு லினக்ஸ், ஃப்ரீ பி.எஸ்.டி., சொலாரிஸ் என்று யூனிக்ஸ் குடும்பம் முழுவதும் ஓடுகிறது. எங்கள் லேப் சர்வரிலும் அதுதான்.

எந்த டைரக்டரி யாருக்கு என்று தீர்மானிப்பது ஒரே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். 'ஈ.டி.சி.' டைரக்டரிக்குள் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கும். லினக்ஸில் அதன் இலக்கணம் இப்படி: முதலில் டைரக்டரியின் பெயர், பிறகு ஓர் இடைவெளி, பிறகு எந்த மெஷினுக்கு என்று, அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் அந்த மெஷினுக்கு என்ன உரிமை என்று. 'ஆர்.ஓ.' என்றால் படிக்க மட்டும். 'ஆர்.டபிள்யூ.' என்றால் படிக்கவும் எழுதவும். 'ஒட்டியே' என்று சொன்னேன் பாருங்கள், அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லேப் சார் ஒருத்தரே மூன்று லேபைப் பார்க்கிறவர். நான் சும்மா சும்மா லினக்ஸில் நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "நீ கொஞ்சம் கூடமாட இருடா" என்று சர்வரின் ரூட் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தார். ஒரு மாணவனிடம் அதைக் கொடுப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சர்வரில் 'ப்ராஜக்ட்' என்று ஒரு டைரக்டரி. ஃபைனல் இயர் சீனியர்கள் 14 பேட்ச், அவரவர் ப்ராஜக்ட்டையும் ரிப்போர்ட்டையும் அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். ரிவியூவுக்குப் பத்து நாள்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ப்ராஜக்ட் பார்க்கும் மேடம் கூப்பிட்டு, "என் ரூம் சிஸ்டத்திலிருந்தே எல்லா ரிப்போர்ட்டையும் திறந்து கமென்ட் எழுதுற மாதிரி பண்ணிக் கொடு தம்பி" என்றார். மேடத்தின் மெஷின் 192.168.1.20. நான் போய் ஒரு வரி சேர்த்தேன்:

/ப்ராஜக்ட் 192.168.1.20(ஆர்.டபிள்யூ.)

ரிப்போர்ட் திறந்தது. ஆனால் சேவ் பண்ணினால் 'பெர்மிஷன் இல்லை' என்றது. இது ஏன் என்று இப்போது தெரியும். நாம் வழக்கமாகப் போடும் என்.எஃப்.எஸ். ஏற்பாட்டில், வருகிற ஆள் யார் என்று சர்வர் பெயரைப் பார்ப்பதில்லை, நம்பரைத்தான் பார்க்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருப்பவர் முகத்தையா பார்க்கிறார்? டோக்கன் நம்பரைப் பார்த்துச் சைக்கிளைக் கொடுக்கிறார். ரெண்டு ஸ்டாண்டில் ரெண்டு பேரும் 23-ம் நம்பர் டோக்கன் அடித்து வைத்திருந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். மேடத்தின் மெஷினில் மேடத்துக்கு 1000. சர்வரில் 1000 என்பது லேப் சார். சீனியர்களின் ஃபைல்கள் வேறு வேறு நம்பர்களில் இருந்தன. மேடம் எழுதப் போனால் சர்வர் எப்படி விடும்?

நம்பர்களைச் சரி செய்வதுதான் முறை. நான் அதைச் செய்யவில்லை. 'பெர்மிஷன் இல்லை என்று வந்தால் நோ ரூட் ஸ்குவாஷ் போடு' என்று எங்கேயோ படித்திருந்தேன். அதன் அர்த்தம் தெரியுமா? பக்கத்து ஊர் நாட்டாமை நம் ஊருக்கு வந்தால் அவர் நாட்டாமை இல்லை, வந்து போகிற ஆள்தான். என்.எஃப்.எஸ்.ஸிலும் அதே மரியாதைதான். வேறு மெஷினின் ரூட் இங்கே வந்தால் அவரை 'நோபடி' என்று ஒரு சாதாரண ஆளாக ஆக்கிவிடும். லினக்ஸில் அவருக்கு நம்பர் 65534. 'நோ ரூட் ஸ்குவாஷ்' என்று எழுதினால் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, "நீங்க எங்க ஊருக்கும் நாட்டாமைதான், வாங்க" என்று மாலை போடுவதாக அர்த்தம். மேடத்தின் மெஷினில் எடிட்டரை ரூட்டாகத் திறந்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு.

மணி நாலே முக்கால். எனக்கு ஐந்து பத்து பஸ்ஸை விட்டால் ஏழரைக்குத்தான் அடுத்தது. வரியை அவசரமாகத் திருத்தினேன்:

/ப்ராஜக்ட் 192.168.1.20 (ஆர்.டபிள்யூ., நோ ரூட் ஸ்குவாஷ்)

புது வரி உடனே அமலுக்கு வர ஒரு கமாண்ட் உண்டு, 'எக்ஸ்போர்ட் எஃப்.எஸ். மைனஸ் ஆர்.ஏ.' என்று. அடித்தேன். இரண்டு வார்னிங் வந்தது. ஒன்று, இந்த மெஷினுக்கு உரிமை எதுவும் சொல்லவில்லையே என்று. இன்னொன்று, இந்த உரிமைக்கு மெஷின் பெயர் சொல்லவில்லையே, எல்லோருக்கும் என்றால் நட்சத்திரக் குறி போடேன் என்று. பாருங்கள், சாமி நேரில் வந்து சொன்ன மாதிரி சொல்லியிருக்கிறது. நான் என்ன செய்தேன்? 'எர்ரர் இல்லை, வார்னிங்தானே' என்று அடுத்த கமாண்டுக்குப் போய்விட்டேன். லேபில் சி ப்ரோகிராம் கம்பைல் பண்ணும்போது நாம் எல்லோரும் செய்வதுதானே!

மேடத்தின் மெஷினில் திரும்ப சேவ் பண்ணிப் பார்த்தேன். இந்த முறை 'ரீட் ஒன்லி' என்று வந்தது. எழுத உரிமை கொடுத்த பிறகு முன்னைவிட மோசமாக ஆவது எப்படி என்று நின்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "திங்கட்கிழமை பார்த்துத் தர்றேன் மேடம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ் கிடைத்தது. ஜன்னல் ஓரச் சீட்டும் கிடைத்தது.

இரண்டு வரிகளையும் இன்னொரு முறை பாருங்கள். முதல் வரியில் மெஷின் நம்பரும் அடைப்புக்குறியும் ஒட்டி இருக்கின்றன. இரண்டாவதில் நடுவே ஓர் இடைவெளி. அழகாக இருக்கட்டும் என்றுகூட இல்லை, கட்டை விரல் பழக்கத்தில் தட்டிவிட்டது. அந்த இடைவெளி வந்ததும் சர்வர் அதை இரண்டு தனித் தனி ஆட்களாகப் படித்துவிட்டது. 192.168.1.20 என்ற மெஷினுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே வழக்கப்படி படிக்க மட்டும். அடைப்புக்குறிக்குப் பெயரே இல்லை, ஆகவே உலகத்தில் மீதி உள்ள எல்லோருக்கும் எழுதும் உரிமை, அதுவும் நாட்டாமை அந்தஸ்தோடு.

சனிக்கிழமை முதலாண்டுக்கு வகுப்பு இருந்தது. அந்தப் பையன் அத்தை மகனின் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி அதில் உபுண்டு போட்டு வைத்திருந்தான். வகுப்பு முடிந்ததும் லேபில் உட்கார்ந்து பழக லேப் சாரே ஒரு கேபிள் கொடுத்திருந்தார். அவன் புத்தகத்தைப் பார்த்து 'ஷோ மவுண்ட்' கமாண்ட் அடித்திருக்கிறான். சர்வர் எதையெல்லாம் வெளியே கொடுக்கிறது என்று அது பட்டியல் காட்டும். 'ப்ராஜக்ட்' எல்லோருக்கும் என்று காட்டியது. மவுண்ட் பண்ணினான், திறந்தது. சீனியர்கள் செய்த பஸ் பாஸ் ப்ராஜக்ட்டை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணே என்று பிறகு என்னிடம் சொன்னான். பார்த்து முடிந்ததும், லேப்டாப்பைச் சுத்தமாக வைப்போமே என்று தான் உண்டாக்கிய டைரக்டரியை ரூட்டாக அழித்திருக்கிறான். அன்மவுண்ட் பண்ணிவிட்டு அழிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. லேப்டாப்பில் தெரிவது வெறும் நிழல் என்று நினைத்துவிட்டான். உள்ளே இருந்ததெல்லாம் போன பிறகு கடைசியில், டைரக்டரி உபயோகத்தில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று ஒரு வரி வந்ததாம். 'அழியவில்லை போல' என்று மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை காலை லேபில் சீனியர் அக்கா ஒருவர் அழுதுகொண்டிருந்தார். பதினான்கு பேட்ச், ஒன்றும் இல்லை. பேக்கப் டிஸ்க் டிசம்பரிலேயே போய், புதுசுக்கு இன்டென்ட் போட்டுக் காத்திருந்த சமயம். லேப் சார் லாகைப் பார்த்து, சனிக்கிழமை எந்த மெஷின் மவுண்ட் பண்ணியது என்று கண்டுபிடித்துவிட்டார். பையனைக் கூப்பிட்டார்கள். அவன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். "சர்வருக்குள்ள நுழைஞ்சு அழிச்சிருக்கே, தெரியாம பண்ணினேன்கிறியா? நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்கள்.

மத்தியானம் லேபில் யாரும் இல்லாதபோது எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலைத் திறந்தேன். அந்த இடைவெளி தெரிந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்து நான் செய்ததைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'வி.ஐ.' எடிட்டரில் 'எக்ஸ்' என்ற ஒரே எழுத்தைத் தட்டினால் கர்சர் இருக்கும் எழுத்து போய்விடும். தட்டினேன். சேவ் பண்ணினேன். வெளியே வந்து டீ குடித்தேன். இனிமேல் யார் பார்த்தாலும் அந்த வரி ஒழுங்காகத்தான் இருக்கும்.

அன்று இரவு தூங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத்தான் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை எச்.ஓ.டி. ரூம் வாசலில் அவன் அப்பாவைப் பார்த்த பிறகுதான் கால் ஓடவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். தோளில் துண்டு, கையில் செருப்பு. ஏன் கையில் வைத்திருந்தார் என்று தெரியவில்லை, ரூமுக்குள் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்று நினைத்திருப்பார். என்னை ஏதோ சார் என்று நினைத்து எழுந்து நின்று, "ஐயா, புள்ளைய காலேஜ விட்டு நிப்பாட்டிருவாங்களா?" என்றார்.

நான் நேராக உள்ளே போய்ச் சொன்னேன். எச்.ஓ.டி. சார் முதலில் நம்பவில்லை. ஜூனியரைக் காப்பாற்ற வந்த சீனியர் என்று நினைத்துவிட்டார்! ஃபைலைத் திறந்து பார்த்தால் வரி சுத்தமாக இருக்கிறது. சுத்தம் பண்ணியதும் நான்தான் என்று அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு காலி டைரக்டரி ஒன்றை வைத்து, லேப் சார் முன்னிலையில் அதே வரியை இடைவெளியோடு எழுதி, அந்தப் பையனின் லேப்டாப்பிலிருந்து மவுண்ட் பண்ணி, ஒரு ஃபைலை அழித்துக் காட்டினேன். இடைவெளியை எடுத்துவிட்டுக் காட்டினேன், மவுண்டே ஆகவில்லை. இடைவெளி இருந்தாலும் 'நோ ரூட் ஸ்குவாஷ்' இல்லாவிட்டால் எப்படி என்று சார் கேட்டார். மவுண்ட் ஆயிற்று, படிக்க முடிந்தது, அழிக்க விடவில்லை. ஆக இரண்டு தப்பும் என்னுடையதே. லேப் சார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அது நாலு அறையைவிட வலித்தது.

பையனின் அப்பாவிடம் எச்.ஓ.டி. சார் எழுந்து போய்ப் பேசினார். வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "ஒரு எடம் விட்டு எழுதினதுக்கா தம்பி இம்புட்டும்?" என்று கேட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே புரிந்துகொள்ளக் கேட்டார். அன்றைய கூலி அவருக்குப் போனதுதான்.

பதினொரு பேட்ச்சுக்கு அவரவர் பென் டிரைவிலும் மெயிலிலும் ஏதோ ஒரு காப்பி இருந்தது. இரண்டு பேட்ச் ப்ரோகிராமைத் திரும்ப எழுதினார்கள். மிச்சம் ஒரு பேட்ச்சுக்கு மேடம் சிவப்பு மையில் திருத்திய பிரின்ட் மட்டும்தான் இருந்தது, நாற்பத்தெட்டுப் பக்கம். ஐந்து ராத்திரி ஹாஸ்டலில் அவர்களோடு உட்கார்ந்து அதை நான் டைப் அடித்தேன். முதல் இரண்டு ராத்திரி யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் ராத்திரி ஓர் அண்ணன் டீ வாங்கி வைத்தார்.

இப்போது 'ப்ராஜக்ட்' மேடத்தின் மெஷினுக்குப் படிக்க மட்டும்தான் போகிறது. கமென்ட் எழுதத் தனியாக ஒரு டைரக்டரி. அதில் யார் எந்த நம்பரோடு வந்தாலும் ஒரே நம்பராக மாற்றிவிடும்படி 'ஆல் ஸ்குவாஷ்' போட்டிருக்கிறோம். பேக்கப் டிஸ்க்கும் வந்துவிட்டது. பாஸ்வேர்ட் எனக்குத் திரும்ப வரவில்லை, நானும் கேட்கவில்லை. லேப் சாருக்குக் கூடமாட இருப்பது அந்தப் பையன்தான், இப்போது இரண்டாம் ஆண்டு. எக்ஸ்போர்ட்ஸில் புது வரி சேர்த்தால், அமலுக்குக் கொண்டுவருமுன் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சார் சட்டம் போட்டிருக்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, டைரக்டரி பேருக்கும் மெஷினுக்கும் நடுவுல ஸ்பேஸ் இருக்கு, இதையும் எடுத்திரட்டுமா?"

"டேய், அது வேணும்டா. அதை எடுத்தா வரியே செல்லாது. அடுத்ததுதான் கூடாது."

"சும்மா கேட்டேன்ணே" என்று சிரித்தான்.