ஐந்தாம் வசனம்

கத்திவாக்கத்தில் வெள்ளைத் துணியை மொட்டை மாடியில் காயப்போட மாட்டோம். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் இறங்கிவிடும். ஈஸ்டருக்குக் கட்டவேண்டிய புடவையை அம்மா வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துவாள். அந்தச் சாம்பலைத் திட்டித் தீர்த்த நாங்கள்தான் இன்று வண்டலூர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்த ஊரை நினைத்து ஏங்குகிறோம்.

அப்பா நாசரேத்திலிருந்து மின்வாரிய வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் டிபன் பையோடு வந்து, ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்புவார்கள். டம்ளர் போதாதென்று பக்கத்து வீட்டு முருக பக்தை அக்கா தன் வீட்டுடையதை எடுத்து வருவார். மின் நிலையத்தின் இரைச்சல் சுருதிப்பெட்டி போல விடாமல் கூடவே ஓடும். பாமாலையை அந்தச் சுருதியில் பாடிப் பழகியவர்கள் நாங்கள்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகும் ஊரை விட மனமில்லாமல் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். 2017 மார்ச்சில் அந்த 450 மெகாவாட் நிலையத்தை மூடினார்கள். பலர் மாற்றலில் போனார்கள். 660 மெகாவாட்டில் புது யூனிட் வருகிறது, இன்னும் ரெண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று டீக்கடையில் பேச்சு. ஜெபக்கூட்டத்தில் பாய் விரித்த இடம் மிஞ்சத் தொடங்கியது. அப்பாவும் காலமான பின், அண்ணன் வாங்கிய ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம்.

வரும்போது அம்மா கையிலேயே வைத்துக்கொண்டது எரேமியா 29:11 எழுதிய வசனப் பலகை. கிறிஸ்தவ வீடுகளில் பாதிச் சுவர்களில் அதுதான் தொங்கும். புது வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகர் அதைப் பார்த்தார். ஆனால் வாசித்தது நான்காம் வசனத்திலிருந்து.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். இரண்டு வருஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேமில் ஆசை காட்டியிருந்தான். எரேமியா சொன்ன கணக்கோ எழுபது வருஷம். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது ஐந்தாம் வசனமும் அதைத் தொடர்வதும். இனிப்பான பதினோராம் வசனம் இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது. ஐந்தாம் வசனத்தை யாரும் சுவரில் மாட்டி நான் பார்த்ததில்லை. எனக்கோ அன்று ஆறுதல் அங்கேதான் இருந்தது. ஏங்காதே என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. ஏக்கம் நீளும், அதற்காக முருங்கை நடாமல் இருக்காதே என்கிறது.

அம்மா நட்டுவிட்டாள். கீரையை ஒரே அலசலில் சுத்தம் செய்துவிட முடிகிறது என்பதில் அவளுக்கு இன்னும் ஆச்சரியம். விடியற்காலையில் வண்டலூர் உயிரியல் பூங்காச் சிங்கம் கர்ஜித்தால், "தானியேல் கெபிக்கே கூட்டிட்டு வந்துட்டான் உங்க அண்ணன்" என்பாள்.

அவளுடைய ஜெபத்தில் மட்டும் வரிசை மாறவில்லை. முதலில் கத்திவாக்கம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததிலிருந்து, வலை போடுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பத்தி. "வந்து சேர்ந்த ஊருக்காகத்தானேம்மா ஜெபிக்கச் சொல்லியிருக்கு" என்றேன்.

"இவங்களுக்கு என்னட்டி குறை? சாம்பலா விழுது?"