இருபத்திரண்டரைக் கிலோ கொழுந்து

அன்ட்ராய்ட் போனின் அமைப்புகளுக்குள் போய், 'போனைப் பற்றி' என்ற பக்கத்தில் இருக்கும் பில்ட் எண்ணை ஏழு தடவை தட்ட வேண்டும். பாதி வழியிலேயே, இன்னும் எத்தனை தட்டல் பாக்கி என்று போன் சொல்லத் தொடங்கிவிடும். ஏழாவது தட்டலில், நீங்கள் இப்போது டெவலப்பர் என்று திரையின் அடியில் ஒரு வரி வந்து மறையும். கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில், ஒரு மாடியறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அந்த வரியை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

செயலி எழுதுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று பார்க்கவே போனேன். பின்வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் போயின.

சொல்லிக்கொடுப்பவர் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பேராதனையில் படித்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றுக்கு வேலை செய்கிறார். வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை. பிள்ளைகளுக்கு அவர் 'சேர்'. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1980களிலிருந்தே கணினிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. இந்த மாடியிலிருந்து அந்த வளாகத்துக்குப் பஸ்ஸில் போனால் அதிக நேரம் ஆகாது. ஆனால் உயர்தரத்தில் கணிதம் எடுத்து, வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைக்கு மட்டுமே அந்த வாசல் திறக்கும். தாண்டாத பிள்ளைகள்தான் இங்கே வருகிறார்கள். சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்த சிலர் பாஸ்கலில் நாலு வரி எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் போனை மட்டுமே அறிந்தவர்கள்.

முதலில் இடிப்பது இயந்திரம். அன்ட்ராய்ட் ஸ்டூடியோ என்ற மென்பொருளில்தான் செயலியை எழுதிக் கட்ட வேண்டும். அது ஒழுங்காக ஓட 8 ஜிபி நினைவகமாவது வேண்டும்; 16 இருந்தால் நிம்மதி. இங்கே வரும் லெப்டொப்கள் பெரும்பாலும் 4 ஜிபி, யாரோ பாவித்துக் கொடுத்தவை. மென்பொருளை முதல் தடவை திறந்ததும் அது தனக்குத் தேவையானதையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கும். ஒரு பிள்ளையின் மாத டேட்டாவில் பாதி அதிலேயே போய்விடும்.

அதனால் சேர் வேறு வழியில் தொடங்குகிறார். கூகுள் 2010இல் தொடங்கி, 2012 முதல் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்திவரும் அப் இன்வென்டர், பிரவுசரிலேயே ஓடும். நிரலை எழுத்தாக அடிக்க வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளைக் கோத்தால் போதும். 'பொத்தானை அமுக்கினால்' என்ற கட்டைக்குள் 'எழுத்தை மாற்று' என்ற கட்டையைப் பொருத்த வேண்டும். போனில் அதன் துணைச் செயலியைத் திறந்து கியூஆர் குறியைக் காட்டினால், செய்தது அப்படியே போனில் தெரியும். முதல் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அவர்களே செய்த ஒன்று வேலை செய்கிறது. தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல வாசல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நேரே கோட்லினில் தொடங்கும் வகுப்புகளில் பிள்ளைகள் மூன்றாம் வாரமே நின்றுவிடுவதைத் தான் பார்த்திருப்பதாக சேர் சொன்னார்.

கட்டைகள் பழகியதும் கோட்லின் என்ற நிரல் மொழிக்குப் போகிறார்கள். கூகுள் 2017இல் அன்ட்ராய்டுக்கு ஏற்றுக்கொண்ட மொழி அது. 2019இலிருந்து அதற்கே முதலிடம். கணினிக்குள் ஒரு போலிப் போனை ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு, ஆனால் 4 ஜிபி லெப்டொப் அதைத் தாங்காது. அதற்காகத்தான் அந்த ஏழு தட்டல். சொந்தப் போனையே கம்பியால் இணைத்துச் சோதிக்கிறார்கள். அந்தக் கம்பியிலும் கவனம் வேண்டும். மலிவுக் கம்பிகள் சில மின்சாரத்தை மட்டும்தான் கொண்டுபோகும், தரவைக் கடத்தாது. போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, கம்பியைக் கையில் எடுத்து, சொருகிப் பார்த்த உடனேயே "இது சார்ஜ் மட்டும்தான் சேர்" என்று ஒதுக்கிவைக்கிறார்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தங்கச்சியின் செயலி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஒரு நாளில் மூன்று தடவை நிறுவை. ஒவ்வொன்றையும் அம்மா ஒரு பழைய கொப்பியில் குறித்து வைப்பார். மாத முடிவில் சம்பளத் துண்டு வரும்போது, அந்தக் கொப்பியும் துண்டும் ஒத்துப்போகாத மாதங்கள் உண்டு. கேட்கப் போனால் கொப்பிக்கு மதிப்பில்லை. கூட்டல் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அந்தக் கூட்டலைப் பிழையில்லாமல் செய்யும் ஒரு செயலிதான் அவளுக்கு வேண்டும்.

கணக்கு இதுதான். நான் போன நேரத்தில் நாட்சம்பளம் 1350 ரூபா. அவர்களுடைய தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் இந்த அளவு மாறும். எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர், அதாவது 675. கூடினால் கிலோவுக்கு 50 ரூபா. மொத்தத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம் கழியும். 'இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது' என்ற நிபந்தனையை நிரலில் சொல்லிக்கொடுக்கப் புத்தகங்கள் மாணவர் புள்ளிகளையும் சித்தியையும் எடுத்துக்காட்டும். இந்த வகுப்பில் பேரும் அரைப் பேரும்தான் எடுத்துக்காட்டு. சொன்னவுடன் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. அந்த நிபந்தனைக்குள்தான் அவர்கள் பிறந்ததிலிருந்து வாழ்கிறார்கள்.

திரையில் மூன்று பெட்டிகள்: காலை, மத்தியானம், அந்தி. கீழே ஒரு பொத்தான். கோட்லினில் எழுதிய முதல் வடிவத்தில் ஒரு பெட்டியை வெறுமையாக விட்டுப் பொத்தானை அமுக்கினால் செயலி சட்டென்று மூடிக்கொள்ளும். லெப்டொப்பில் சிவப்பு எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடும், அத்தனையும் ஆங்கிலம். புதிதாகக் கற்பவர்கள் பயந்து விலகும் இடம் இது. சேர் சொன்ன வழி எளியது. "எல்லாத்தையும் வாசிக்காதீங்க. உங்க கோப்போட பேர் எந்த வரியில வருதுன்னு மட்டும் தேடுங்க." அவள் விரலால் திரையைத் தடவிக்கொண்டே இறங்கினாள். கோப்பின் பெயரும் பக்கத்தில் ஒரு வரி எண்ணும் இருந்தன. பெட்டியில் இருப்பதை முழு எண்ணாக மாற்று என்று அந்த வரியில் எழுதியிருந்தாள். வெறும் பெட்டியில் எண் எங்கே இருக்கும்?

வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஒன்று உண்டு: எண்ணாக மாற்றப் பார், முடியாவிட்டால் பூச்சியம் என்று எடுத்துக்கொள். இணையத்தில் தேடினாலும் ஏஐயிடம் கேட்டாலும் அநேகமாக முதலில் வரும் விடை அதுதான். அவளும் அப்படியே செய்தாள். செயலி மூடிக்கொள்வது நின்றது. வகுப்பே கைதட்டியது.

அடுத்த ஞாயிறு அவள் வந்த முகமே சரியில்லை. அம்மா ஒரு நாள் கணக்கை அடித்துப் பார்த்திருக்கிறார். காலை 8, மத்தியானம் 8, அந்தி 6.5. செயலி மொத்தம் 16 என்று காட்டி, அரைப் பேர் என்றது. "நான் இருபத்திரண்டரைக் கிலோ எடுத்தேன், உன் போன் ஏன் எனக்கு அரைப் பேர் போடுது?" என்று அம்மா கேட்டாராம்.

சேர் அதைக் கரும்பலகையில் எழுதினார். முழு எண்ணாக மாற்று என்றால் 6.5 முழு எண் அல்ல, மாற்ற முடியாது. மாற்ற முடியாவிட்டால் பூச்சியம் என்று எழுதியிருக்கிறது. ஆகவே அந்தி நிறுவை முழுதும் பூச்சியமாகிவிட்டது. 1350ஓடு மேலதிக நாலரைக் கிலோவுக்கு 225, எல்லாமாக 1575 வர வேண்டிய இடத்தில் 675. ஒரு சிவப்பு வரிகூட இல்லை. செயலி நல்லபடியாக, அமைதியாக, ஒரு தாயின் 900 ரூபாவை விழுங்கிவிட்டது.

"போன வாரம் அப் மூடிக்கிட்டது. அது நமக்கு உதவி செஞ்சது. எங்க பிழைன்னு காட்டிச்சு. இந்த வாரம் பொய் சொல்லுது" என்றார் சேர். யாரும் பேசவில்லை. அந்தத் தங்கச்சி உட்கார்ந்து திருத்தினாள். தசம எண்ணை ஏற்றுக்கொள். பெட்டி வெறுமையாக இருந்தாலோ எழுத்து இருந்தாலோ கணக்கே போடாதே, அந்தப் பெட்டியின் கீழே சிவப்பில் 'நிறுவையைச் சரியாக எழுதுங்கள்' என்று காட்டு. மூன்று வரியில் முடிந்த திருத்தம். ஆனால் இந்தத் தொழிலில் எது முக்கியம் என்பது எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். செயலியை ஓட வைப்பது சின்ன வேலை. அது தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைப்பதுதான் பெரிய வேலை. அந்தப் பிழையை நிரல் எழுதியவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை, கொழுந்து பறித்தவர்தான் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சம்பளம் மாறியதும் அவளுக்கு ஒரு பாடமாகியிருந்தது. 2021 மார்ச்சிலிருந்து நாட்சம்பளம் 1000 ரூபா. அவள் அப் இன்வென்டர் கட்டைகளில் முதலில் செய்தபோது 1000 என்ற எண்ணை வேண்டிய இடத்திலெல்லாம் எழுதிவிட்டாள். 2024 செப்டெம்பரில் 1350 ஆனதும் தேடித் தேடி மாற்ற வேண்டியிருந்தது. அரைப் பேருக்கு எழுதிய 500 மட்டும் தேடலில் அகப்படாமல் தப்பிவிட்டது. இப்போது சம்பளம், கிலோ அளவு, மேலதிகக் காசு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அமைப்புகள் பக்கத்தில் அம்மாவே மாற்றிக்கொள்ளலாம். திரையில் தெரியும் சொற்களையும் நிரலுக்கு வெளியே தனிக் கோப்புகளில் வைத்திருக்கிறாள். தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று. பக்கத்துத் தோட்டத்தில் சிங்களப் பெண்களும் கொழுந்து பறிக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம் போனைச் சாய்த்தால் வந்தது. படுக்கைவசமாகத் திருப்பியதும் அடித்த எண்களெல்லாம் மறைந்துவிட்டன. திரை திரும்பும்போது அன்ட்ராய்ட் அந்தப் பக்கத்தை அழித்துப் புதிதாகக் கட்டுகிறது என்பதும், நினைவில் வைத்திரு என்று நாம் சொல்லாததை அது மறந்துவிடும் என்பதும் அன்றைய பாடம். தினக் கணக்கு போனுக்குள்ளேயே எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிகிறது. எல்லா அன்ட்ராய்ட் போனிலும் அது ஏற்கெனவே இருக்கிறது, இணையம் தேவையில்லை. லயத்தில் சிக்னல் கிடைக்க வாசலுக்கு வந்து நிற்க வேண்டிய ஊர்களுக்கு இதுதான் சரி.

அக்குறணையிலிருந்து வரும் இளைஞருக்கு வேறு தேவை. பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதிக்குள் வெள்ளம் வந்துவிடும். மேலே இருப்பவர்கள் ஆற்று மட்டத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கினால், கீழே கடைக்காரர்களின் போன்கள் எல்லாம் ஒலிக்க வேண்டும் என்கிறார். "வாப்பாட கடையில ரெண்டு தடவ சாமான் நனஞ்சிட்டு" என்றார். பொய்யான அறிவிப்பை யாரும் அனுப்பிவிடாமல் எப்படித் தடுப்பது என்ற கேள்வியில் அவர் வேலை நிற்கிறது. அது கடினமான கேள்வி. அவசரப்பட்டு வெளியிடாமல் இருப்பதற்காகவே அவரை மதிக்கிறேன்.

ஏஐ பற்றி இந்த வகுப்பில் ஒரே சட்டம்தான்: கேட்கலாம், ஆனால் அது தந்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை அழித்துவிட வேண்டும். எனக்கு இது முழுச் சம்மதம். பூச்சியம் போட்ட அந்த வரியை யாராவது உரக்க விளக்கியிருந்தால் 6.5 அன்றே அகப்பட்டிருக்கும்.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கிறது. கணியம் இதழ் 2012 முதல் இணையத்தில் இலவசமாக வருகிறது. நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில்' நூல்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம். போனில் தமிழ் எழுதுவது அரிதாக இருந்த காலத்தில், 2005இல், மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினம் என்ற செயலியைச் சிங்கப்பூரில் வெளியிட்டுக் குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்ப வைத்தார். அவர் பெயரை இந்தப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கவில்லை. சேர் சொன்னபோது தங்கள் போன் விசைப்பலகையை ஒரு தடவை திறந்து பார்த்தார்கள்.

செயலியை பிளே ஸ்டோரில் வைக்க ஒரே ஒரு தடவை 25 டொலர் கட்ட வேண்டும். எங்கள் காசில் ஏறத்தாழ 7500 ரூபா, அந்த 1350 ரூபாச் சம்பளத்தில் ஐந்து நாளுக்கு மேல். வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கும் வங்கி அட்டையும் தேவை. புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் 14 நாள் விடாமல் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அந்த 12 பேருக்குத் தங்கச்சியிடம் பஞ்சமில்லை. அவள் வட்ஸ்அப்பில் அனுப்பிய செயலிக் கோப்பை லயத்தில் இருக்கும் அக்காமார் ஏற்கெனவே பாவிக்கிறார்கள். காசும் அட்டையும்தான் இல்லை.

இந்த வகுப்பு அந்தச் சேரின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறது. அவருக்கு வேலை மாறினால், வீடு மாறினால், நின்றுவிடும். அப்படி நிற்கவிடக் கூடாது. கண்டி மாவட்டத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் கணினி அறைகள் இருக்கின்றன. சனியும் ஞாயிறும் அவை பூட்டிக் கிடக்கின்றன. அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு பொறுப்பாளரை நியமித்து அந்தக் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் மென்பொருள் வேலை செய்யும் மலையகத்துப் பிள்ளைகள் அலுவலகம் கழிக்கும் 8 ஜிபி லெப்டொப்களைக் கேட்டு வாங்கி ஊருக்கு அனுப்புங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, இணையத்தின் வழியாகவேனும், ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருந்து அந்தச் சிவப்பு வரிகளை வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்.