செவ்வரத்தையின் நிறம்

உட்துறைமுக வீதியிலுள்ள எமது வீட்டுக் கூடத்தில் பழைய நிழற்படம் ஒன்று தொங்குகின்றது. பூச்சாடியில் ஒற்றைச் செவ்வரத்தை. அருகே இளம்பெண்ணாக என் அம்மம்மா. 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது, கைக்குழந்தையாகிய என்னோடு அம்மா காப்பாற்றிச் சென்ற படம் இது ஒன்றே. அம்மம்மா இன்று இல்லை.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, பாடசாலைக் கண்காட்சிக்கெனக் கைத்தொலைபேசியில் செவ்வரத்தைப் பூக்களைப் படம்பிடித்து வந்தாள். ஒரே தொடுகையில் அவற்றைப் பழுப்பாக்கி, ‘அந்தப் பொற்காலம்’ என்று தலைப்பும் இட்டிருந்தாள். மறுநாள் எமது வீட்டுப் படத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

“சேர், இந்தப் பூ என்ன நிறம்?” என்று கேட்டாள்.

செவ்வரத்தையில் மஞ்சளும் உண்டு, இளஞ்சிவப்பும் உண்டு. சொல்லக்கூடியவர் எவருமில்லை.

செப்பியா என்பது கணவாயின் பெயர். எமது மீன்சந்தையில் கையைக் கறையாக்கும் அதன் மை, ஒருகாலத்தில் ஓவியர்க்கு வண்ணமாயிற்று. நிழற்படத்திலோ அம்மையில் ஒரு துளியும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பொற்றாசியம் பெரிசயனைட்டும் பொற்றாசியம் புரோமைட்டும் கலந்த கரைசலில் வெளிறச் செய்து, பின்னர் சோடியம் சல்பைட்டுக் கரைசலில் இடுவர். படத்திலுள்ள வெள்ளி, வெள்ளிச் சல்பைட்டாக மாறும். எளிதில் மங்காத பழுப்பு அது. அழுகிய முட்டையின் நாற்றத்தை மூச்சாக இழுத்தபடி, பெயர் தெரியாத தொழிலாளி ஒருவன் செய்த வேலை. உப்புக்காற்று வீசும் இத்துறைமுகத்தில் அம்மம்மாவின் முகம் இன்றும் தெளிவாயிருப்பது அவனது உழைப்பினாலேயே.

இன்னொன்றும் உண்டு. முற்கால நிழற்படத் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. பின்னர் வந்தவற்றுட் பல பச்சையையும் உணர்ந்தன. சிவப்புக்கோ அவை குருடு. ஆகவே சிவந்த பூ அவற்றிற் கருமையாகப் பதியும். கைத்தொலைபேசியின் ஒற்றைத் தொடுகை இதனை அறியாது. பழைய முறையை மெய்யாகவே மீட்க வேண்டின், கணினியில் முதலிற் சிவப்பின் பங்கை நீக்கி, நீலத்தையும் பச்சையையும் கொண்டு கறுப்பு வெள்ளையாக்கிய பின்னரே பழுப்பேற்றுதல் வேண்டும்.

மாணவி அவ்வாறே செய்தாள். அவளுடைய சிவந்த பூ இலையினும் இருண்டது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அம்மம்மாவின் பூவும் இலையினும் இருண்டே இருந்தது!

பழைமையின் நிறத்தை மட்டும் பூசிக்கொண்டு பொற்காலம் பேசுவோர் உளர். அக்காலத்திற் படம்பிடித்துக்கொள்ள வசதி பெற்றிருந்தோர் எத்தனை பேர்? போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் முன்னோரின் முகங்களையே இழந்துவிட்ட வீடுகள் எத்தனை? இவற்றை வகுப்பிற் கேட்டேன். சிலர் தம் வீட்டுக் கதைகளைச் சொன்னார்கள்.

கண்காட்சியில் அம்மாணவி வண்ணப் படத்தையும் பழுப்புப் படத்தையும் சேர்த்தே வைத்தாள். பழைய தலைப்பை அகற்றிவிட்டு, பூவின் பெயர், நிறம், பறித்த இடம், நாள் ஆகியவற்றை எழுதியிருந்தாள். அன்று மாலை நானும் அம்மம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அதன் பின்புறத்திற் பென்சிலால் எழுதிவைத்தேன்: ‘பூ, செவ்வரத்தை. நிறம், பெரும்பாலும் சிவப்பு.’