பிஸ்கட் டின்னில் இருந்த கடிதங்கள்

பாட்டி இறந்த பிறகு அவருடைய பிஸ்கட் டின்னில் 38 கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கோலா கிளாவாங் தோட்டத்து முகவரிக்கு வந்தவை. பாட்டி அனுப்பியவை ஒன்றுகூட இல்லை. அவை போன ஊரில் இருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். என்னிடம் இருப்பது பாதிப் பேச்சுதான்.

முதல் பத்துக் கடிதங்கள் சலிப்பாக இருந்தன. மேலே பிள்ளையார் சுழி. பிறகு நலம், நலமறிய ஆவல். இக்கடிதத்தைத் தந்தி போல் பாவித்துப் பணம் அனுப்பவும். யார் எழுதினாலும் ஒரே ஆள் எழுதிய மாதிரி.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் அவருக்கு எழுதிக் கொடுத்தவர் கிராணி, சில சமயம் தமிழ்ப்பள்ளி வாத்தியார். இதை நினைத்துப் பார்த்தபோதுதான் அந்த 'நலம்' வேறு மாதிரி கேட்டது. கிராணி பிரட்டில் பேர் போடுகிறவர், பால் நிறுத்துக் கணக்கு எழுதுகிறவர். சம்பளம் பத்தலை, மண்டோர் ஏசுறான் என்று அவரிடமே சொல்லி எழுத வைக்க முடியுமா? "எல்லாரும் சொகம்னு போடுங்கையா." அவ்வளவுதான்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடும்பக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது இது மறுபடி ஞாபகம் வந்தது. 1845லும் 1851லும் அங்கே தபால் கட்டணம் குறைந்ததும் சாதாரண ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். அதே காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது குற்றம். விற்கப்பட்டுப் பிரிந்த தாய்க்கோ மனைவிக்கோ சேதி அனுப்ப, சிலர் எஜமான் வீட்டு ஆளின் கையையே நாட வேண்டியிருந்தது. அடிமைமுறையையும் நம் தோட்டத்தையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் மேலே இருப்பவன் பேனாவில் பேசும்போது எதையெல்லாம் விழுங்க வேண்டும் என்பது பாட்டிக்கும் தெரிந்திருந்தது.

கடிதம் என்றால் இலக்கிய வாசகர்களுக்கு கு. அழகிரிசாமி ஞாபகம் வரும். 1950களில் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் இருந்தவர். கி. ராஜநாராயணனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்துள்ளன. அது ஒரு நண்பர் எழுதி ஒரு நண்பர் படித்தது. லயத்தில் அப்படி இல்லை. வாசலில் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசிப்பார், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். ரகசியத்துக்கு இடமே கிடையாது.

1968இல் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். 1969இல் அது நடப்புக்கு வந்ததும் சிவப்பு ஐசிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். பாட்டியின் அண்ணனும் ஒருவர். முப்பது வருஷம் பால் வெட்டியவர், குடும்பத்தோடு ரஜுலா கப்பலில் போனார். பாட்டிக்கு நீல ஐசி. ஒரே லயத்தில் வளர்ந்த இரண்டு பேரை ஓர் அட்டையின் நிறம் பிரித்தது.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் பென்சிலில் இருக்கிறது. அண்ணனின் மகள் எழுதியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அதனால் வழக்கமான வாசகங்கள் எதுவும் தெரியாது. ஊரில் எல்லோரும் மலேயாக்காரன் வீடு என்கிறார்களாம். கோடாலித் தைலம் தீர்ந்துவிட்டதாம். அப்புறம் ஒரு வரி: அப்பா தினமும் ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு அத்தை, அங்க இந்நேரம் பிரட்டுக்கு மணி அடிச்சிருக்கும்ங்கிறாரு.

அப்போது இரண்டு நாட்டுக்கும் நேர வித்தியாசம் சரியாக இரண்டு மணி. அங்கே மூன்று என்றால் இங்கே ஐந்து. மனிதர் கணக்குத் தப்பவில்லை.

அம்மாவிடம் அந்த வரியைக் காட்டினேன். அந்தக் கடிதத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டியது அம்மாதான், அப்போது பன்னிரண்டு வயசு.

"தெரியும். அத நான் படிக்கல. தாண்டிட்டேன்."

"ஏம்மா?"

"அம்மா அழுவாங்கல்ல. காலையில வெட்டுக்குப் போவணும்."

பாட்டி என்ன பதில் சொல்லி அனுப்பினார் என்பதை, அங்கிருந்து வந்த அடுத்த கடிதத்திலிருந்துதான் ஊகிக்க முடிகிறது. வேறு ஒருவருடைய கையெழுத்து, நீல மை, மேலே பிள்ளையார் சுழி. கோடாலித் தைலம் இரண்டு போத்தல் வந்து சேர்ந்ததாம். யாவரும் நலம்.