கூட இறங்குவது யார்?

கற்பூர வாசனை வந்தால் எனக்கு இப்போதெல்லாம் கோயிலைவிட முந்திக்கொண்டு கேருங் பஜார்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நேபாள எல்லையைத் தாண்டியதும் வரும் திபெத்து ஊர் அது. கயிலாய யாத்திரை வந்த நம்மவர்களில் பாதிப் பேர் கைக்குட்டை நுனியில் கற்பூரத்தை முடிந்துவைத்து, மூச்சு வாங்கும்போதெல்லாம் முகர்ந்துகொண்டிருந்தார்கள். மூக்கு குளிர்ந்து, அடைப்பு விட்டதுபோல் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் ஏறாது.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. நமக்கு மலை என்றாலே கொண்டை ஊசி வளைவும் எலுமிச்சம்பழமும்தான். கொல்லிமலையில் குமட்டுவது வளைவினால்; உயரத்தினால் அல்ல. உயர நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேலே. தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கும் சுண்டல் தின்றுவிட்டு இறங்கிவிடுகிறோம். இந்த நோய்க்குப் பாட்டி வைத்தியம் நம்மிடம் எங்கிருந்து வரும்?

எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருவருக்குத்தான் இந்த நோயைப் பற்றித் தெரிந்திருந்தது. ராணுவத்தில் லேயில் இருந்தவர். “3,500 மீட்டர்ல போய் எறங்கினா, முதல் ரெண்டு நாள் சும்மா படுத்துக் கெடக்கணும்டா. அதுவும் டூட்டிதான்” என்பார். படுத்துக் கிடக்கச் சம்பளமா என்று நாங்கள் சிரிப்போம். அந்த விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசர அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட சிப்பாய்களில் பலர், குண்டடி படாமலேயே நுரையீரலில் நீர் கோத்து விழுந்தார்கள். இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவர் குழுவும் 1,925 சிப்பாய்களை ஆராய்ந்து 1969-ல் எழுதிய கட்டுரையை இன்றும் உலகம் எடுத்துப் பேசுகிறது. 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000-க்கு மேல் நான்கு நாள், 15,000-க்கு மேல் இன்னொரு நான்கு நாள் என்று ராணுவம் படிப்படியாகப் பழக்கித்தான் மேலே அனுப்புகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. அந்தப் பாதியை வைத்துக் குடித்தனம் நடத்த உடம்புக்கு நாள் வேண்டும்.

எங்கள் கயிலாயப் பயணத் திட்டத்தில் அந்த நாள் இல்லை. கேருங் சுமார் 2,800 மீட்டர். அடுத்த ராத்தங்கல் சாகா, சுமார் 4,500. மூவாயிரத்துக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். ஜீப்புக்கு அந்தப் பாடம் தெரியாது.

சாகாவில், என்னோடு வந்த பெரியம்மாவுக்கு முதலில் போனது பசி. எல்லோருக்கும் புளிச்சோறு எடுத்து வைத்தவள், தனக்குக் காப்பிகூட வேண்டாம் என்றாள். “நேத்து தின்னது செரிக்கல.” தலைவலியைச் சொல்லவே இல்லை, சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களே. மேலே போன இடத்தில் எந்த உபாதையையும், வேறு காரணம் தெரியும்வரை, உயரத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். கூட வந்த ஷெர்பா அப்படித்தான் எழுதினார். பெரியம்மாவுக்கு இந்தி தெரியாது. அவரே தாழ்வாரத்துத் தரையில், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடந்து காட்டினார். அவள் நான்கு அடி வைத்தாள்; ஐந்தாவதில் சுவரைப் பிடித்தாள். “இந்தக் கம்பளிச் சாக்ஸு வழுக்குது” என்று சிரித்தாள். ஷெர்பா சிரிக்கவில்லை. தள்ளாட்டம் வந்துவிட்டால் மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, ஜீப்பைக் கிளப்பச் சொன்னார்.

டயமாக்ஸ் மாத்திரை நாங்களும் போட்டுக்கொண்டுதான் போனோம். முன்தினமே தொடங்கி, காலையும் இரவும் 125 மில்லிகிராம். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரத்து ஊறும். சோடா குடித்தால் சுரத்தே இருக்காது, நாக்கில் குமிழியின் காரத்தை உணரவைக்கும் நொதியையும் அது கட்டிவிடுகிறது. மூச்சை ஆழமாக்கி உடம்பு சீக்கிரம் பழக அது உதவும். ஒரே நாளில் 1,700 மீட்டர் தாவுவதற்கு லைசென்ஸ் தராது.

மருந்தைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. பெரியம்மாவோடு கூட இறங்குவது யார்? தாழ்வாரத்தில் ஒருவரும் பேசவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததில் மிச்சம் பிடித்து வந்தவர், புருஷன் அஸ்தியோடு வந்த அம்மா என்று எல்லோருக்கும் ஆயுளுக்கு ஒருமுறை. கூட்டு விசாவில் வந்த இடத்தில் ஆளைப் பிரித்து அனுப்பவும் ஆயிரம் பேச்சு. நான் அவள் தங்கை மகன், ஏறிக்கொண்டேன். கொடுமை என்னவென்றால், சாகாவிலிருந்து கேருங்குக்கு இறங்கவும் நடுவே ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் ஒரு கணவாயில் ஏற வேண்டும். பீடபூமியில் இறக்கம் அப்படித்தான். சிலிண்டர் முள்ளையும் அவள் உதட்டு நிறத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கேருங்கில் மறுநாள் காலை அவளே காப்பி கேட்டாள். குடித்துவிட்டு, “சிவன் அப்பரையே பாதி வழியில திருப்பி, கயிலாயத்தைத் திருவையாத்துலதான காட்டினாரு. நான் யாரு?” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் திருவையாறுதான்.

இப்போது கயிலாயம் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். என்ன மாத்திரை, எந்த ஜெர்கின் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். கூடவே பயண ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: உயரம் பழக எங்கே, எத்தனை நாள் சும்மா உட்காரவைப்பீர்கள்? ஒருவருக்கு முடியாமல் போனால் கூட இறங்குவது யார்? “சிலிண்டர் இருக்கு சார், காற்றடிக்கிற பிரஷர் பை இருக்கு சார்” என்பார்கள். நல்லதுதான், அவை இறங்கும்வரை தாக்குப்பிடிக்க. கூட இறங்கும் ஆளின் பெயரைச் சொல்லாதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.